உள்பெட்டி எண் பதினான்கு

என் வாழ்நாளில் ஒரே ஒரு ஆளைப் பழிவாங்கியிருக்கிறேன். உங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியாது. ரேஷன் கடை வரிசையில் எவனாவது நடுவில் புகுந்தாலும் அப்பா பேசாமல் நிற்பார் என்றுதான் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அம்மாவுக்குத் தெரியும். அவள் சொல்லமாட்டாள். அதனால் நானே எழுதிவைக்கிறேன். சரியா தப்பா என்று படித்துவிட்டு நீங்களே பேசிக்கொள்ளுங்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த கம்பெனி பாக்கெட் போடும் மெஷின் செய்கிற கம்பெனி. மாவு, பால்பவுடர், மிளகாய்த்தூள், எதுவானாலும் மேலே தொட்டியில் கொட்டினால் கீழே எடை போட்டுப் பாக்கெட்டாக வரும். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழை வைத்துக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் கழனியை விட்டுக் கம்பெனிக்குப் போன முதல் ஆள் நான். அண்ணனூரில் ரயிலேறி பட்டரவாக்கத்தில் இறங்கினால் பத்து நிமிட நடை. என்னை டிராயிங் ஸ்டோரில் போட்டார்கள்.

டிராயிங் ஸ்டோர் ஒரு நீள அறை. சுவரோடு சுவராக இரும்பு டிராயர்கள், வாசலில் ஒரு பாதிக்கதவு. அந்தப் பாதிக்கதவின் மேல் அடித்த பலகைதான் என் கவுண்டர். லேத்தில் இருக்கிறவர்களும் அசெம்பிளியில் இருக்கிறவர்களும் அங்கே வந்து படம் கேட்பார்கள். கொடுப்பேன், சாயங்காலம் திரும்ப வாங்கி வைப்பேன்.

இதில் ஒரு முறை உண்டு. அது புரிந்தால்தான் பின்னால் நான் செய்தது உங்களுக்குப் புரியும். ஒரு மெஷினுக்கு ஒரு பெரிய படம். அந்தப் பெரிய படத்தின் ஓரத்தில் கட்டம் போட்டு, இந்த மெஷினுக்குள் எந்தெந்தச் சின்னப் படங்கள் அடங்கும் என்று வரிசையாக எழுதியிருக்கும். ஒவ்வொரு சின்னப் படத்தின் பெயருக்கும் பக்கத்தில் ஏ, பி, சி என்று ஒரு எழுத்து இருக்கும். அந்தச் சின்னப் படத்தை எத்தனை தடவை திருத்தினார்கள் என்பதற்கு அது அடையாளம். இன்றைக்கு ஒரு மூடியின் படத்தைத் திருத்தி ‘சி’ ஆக்கிவிட்டார்கள் என்று வையுங்கள். பெரிய படத்தின் கட்டத்தில் இன்னும் ‘பி’ என்றே இருந்தால், அந்த மெஷினுக்கு நான் ‘பி’யைத்தான் கொடுப்பேன். புது மூடி இந்த மெஷினுக்குப் பொருந்துமா என்று டிசைன்காரர் பார்த்து, பெரிய படத்தையும் திருத்திக் கையெழுத்துப் போட்டால்தான் ‘சி’ வெளியே போகும்.

லேத்தில் இருப்பவர்களுக்கு இது ஆகாது. “இன்னா அண்ணாத்தே, புது படத்த உள்ள பூட்டி வெச்சிகினு பழச குடுக்குற? எக்ஸிபிஷன் போடப்போறியா?” என்பார்கள். பெரிய படத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கிடைக்கும் என்பேன். திட்டிக்கொண்டே வாங்கிப் போவார்கள். பன்னிரண்டு வருஷம் இப்படியே ஓடியது. என்னால் ஒரு மெஷின் கெட்டது என்று அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் யாரும் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் மெஷின்களுக்குள் கம்ப்யூட்டர் சிப் வைக்க ஆரம்பித்தார்கள். எடை பார்ப்பது, கதவைத் திறப்பது, மூடுவது எல்லாம் புரோகிராம் செய்தது. கம்பெனிக்கு ஒரு பெரிய கம்ப்யூட்டர் வந்தது. அதற்கு ஏ.சி. அறை, வாசலில் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். படங்களைப் பார்த்துக்கொண்ட ஆள் புரோகிராம்களையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று மேனேஜர் என்னை அங்கே அனுப்பினார். நான் சாயங்காலங்களில் அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு மாடிக் கம்ப்யூட்டர் சென்டரில் போய்ப் படித்தேன். அங்கே கூடப் படித்தவர்கள் எல்லாம் காலேஜ் பிள்ளைகள். என்னை வாத்தியார் என்று நினைத்து முதல் நாள் எழுந்து நின்றார்கள். ஒரு வருஷம் என் வேலையைப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர் செக்‌ஷனில் என்னை நிரந்தரமாக்குவதாகப் பேச்சு.

அந்த செக்‌ஷனில் புரோகிராம் எழுதுகிறவர் முகப்பேரிலிருந்து வருவார். ஹவுசிங் போர்டு ஃபிளாட், ஸ்கூட்டர், என்ஜினீயரிங் பட்டம். என்னைவிட எட்டு வயது இளையவர், என்னை ‘நீ’ என்றுதான் பேசுவார். அவர் பெயர் உங்களுக்கு வேண்டாம், முகப்பேர்க்காரர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவர் வைத்த பெயர் ‘குடோன்’. டிராயிங் ஸ்டோரிலிருந்து வந்தவன் அல்லவா. “குடோன், அந்த டேப்ப எடு. குடோன், ஃபேன போடு.” மெஷின் புக்கில் நான் இங்கிலீஷில் எழுதிவைக்கும் குறிப்புகளைக் கேன்டீனில் நாலு பேருக்கு நடுவில் ராகம் போட்டுப் படிப்பார். சாப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு நானும் சிரித்திருக்கிறேன். சிரிக்காவிட்டால் என்ன செய்வது.

இனி அவர் செய்ததைச் சொல்கிறேன்.

எல்லா மெஷினுக்கும் எடை பார்க்கிற புரோகிராம் ஒன்றேதான். அதைத் தராசு என்று சொல்வோம். ஆனால் ஒவ்வொரு கஸ்டமருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு தனி இடம் வைத்து, ஒவ்வொன்றிலும் தராசை நகல் எடுத்துப் போட்டிருந்தார் முகப்பேர்க்காரர். பதினோரு கஸ்டமர், பதினோரு தராசு. ஒன்றில் தப்பைக் கண்டுபிடித்துத் திருத்தினால் மற்ற பத்தையும் அவர்தான் ஞாபகமாகத் திருத்த வேண்டும். ஒரு பால்பவுடர் கம்பெனிக்குப் போன மெஷினில் திருத்த மறந்துவிட்டார். எடை குறைவாகப் போட்டது. மெஷினைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மேனேஜர் கூப்பிட்டு விசாரித்தார். முகப்பேர்க்காரர் ஒரே வார்த்தையில் முடித்தார், தான் எல்லாவற்றையும் திருத்திவிட்டதாகவும், நான்தான் புரோகிராம்களைப் பதிந்துவைக்கும் டேப்பிலிருந்து பழைய ஃபைலை எடுத்துக் கொடுத்துவிட்டதாகவும். அப்போது யார் எதை எப்போது மாற்றினார்கள் என்பதற்குக் கம்ப்யூட்டரில் எந்தப் பதிவும் இல்லை. நான் கொடுக்கவில்லை என்று சொன்னேன். அவர் பட்டம் படித்தவர், நான் குடோன்.

விளக்கக் கடிதம் எழுதச் சொன்னார்கள். இங்கிலீஷில் எழுத எனக்கு வராது என்பதால், உதவி செய்வதாகச் சொல்லி அவரே வந்தார். டைப்ரைட்டர் முன்னால் நான் உட்கார்ந்திருக்க, அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று சொல்லச் சொல்ல அடித்தேன். என் கவனக்குறைவால் பழைய ஃபைலைக் கொடுத்துவிட்டேன், மன்னிக்கவும் என்று. நான் செய்யாத தப்புக்கு என் விரலாலேயே எழுத்து எழுத்தாக அடித்துக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கடிதம் என் ஃபைலில் ஏறியது. நிரந்தரமாக்குகிற பேச்சு நின்றது. வெளியே வரும்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “இனிமே நான் கேட்டா குடு. நான் கேக்காத எதையும் தொடாத. புரியுதா குடோன்?”

புரிந்தது என்றேன்.

அன்றைக்கு ரயிலில் நின்றுகொண்டே ஒரு முடிவு எடுத்தேன். இந்த ஆள் இதே மாதிரி ஒரு கடிதம் எழுத வேண்டும். அதே மேனேஜர் முன்னால், நான் பார்க்க, கையெழுத்துப் போட வேண்டும். அடிக்க வேண்டும், ஸ்கூட்டரைக் கவிழ்க்க வேண்டும் என்றெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு கடிதம் போதும்.

இனி இப்படி நடக்கக்கூடாது, ஏதாவது வழி செய்யுங்கள் என்று மேனேஜர் பொதுவாகச் சொல்லியிருந்தார். முகப்பேர்க்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் போட்டுக்கொண்டேன். அந்தப் பெரிய கம்ப்யூட்டரோடு கூடவே ஒரு சாஃப்ட்வேர் வந்திருந்தது. புரோகிராமின் ஒவ்வொரு திருத்தத்தையும் எண் போட்டு வைத்துக்கொள்ளும், யார் எப்போது எதற்காக மாற்றினார்கள் என்று எழுதிக்கொள்ளும், எந்தப் பழைய நிலையைக் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கும். யாரும் தொடாமல் கிடந்தது. அப்படிச் சேர்த்துவைக்கும் இடத்துக்கு ரெபாசிட்டரி என்று பெயர். நான் பெட்டி என்பேன்.

புத்தகம் செங்கல் கனம், முழுக்க இங்கிலீஷ். எங்கள் அறையில் டைப் அடிக்கிற ஒரு பெண் ஆவடியிலிருந்து வருவாள். கான்வென்ட்டில் படித்த கிறிஸ்தவப் பெண், என்னை அண்ணே என்பாள். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அரைமணி நேரம் அவள் படித்து அர்த்தம் சொல்வாள், நான் நோட்டில் எழுதிக்கொள்வேன். பெட்டிக்குள் பெட்டி வைப்பது பற்றி ஒரு இடம் வந்தது. ஒவ்வொரு கஸ்டமருக்கும் ஒரு வெளிப்பெட்டி. தராசுக்கு ஒரே ஒரு பெட்டி, அது எல்லா வெளிப்பெட்டிக்கும் உள்ளே உட்காரும். பதினோரு நகல் வேண்டாம். அதைப் படித்துவிட்டு அவள் புத்தகத்தை மூடினாள். “அண்ணே, இது நீங்க சொல்ற பெரிய படம், சின்னப் படம் கதையேதான்” என்றாள்.

அவள் சொல்வதற்கு முன்பே எனக்குள் மணி அடித்துவிட்டது.

ஆனால் சுலபத்தில் அமையவில்லை. முதல் தடவை உள்பெட்டியைக் கொண்டுபோய் வெளிப்பெட்டிக்குள் வைத்தேன். வெளிப்பெட்டி, உள்ளே இருக்கிற ஃபைல்களும் தன்னுடையவைதான் என்று நினைத்து எல்லாவற்றையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டது. ஒரே ஃபைல் இரண்டு பெட்டியிலும் இரண்டு விதமாக நின்றது. பதினோரு தராசு போதாதென்று பன்னிரண்டாவது. எல்லாவற்றையும் கலைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வந்தேன். இந்த உள்பெட்டியை நீ பார்க்காதே என்று வெளிப்பெட்டிக்குச் சொல்ல ஒரு சின்ன ஃபைல் இருக்கிறது, அதில் தராசின் பெயரை எழுதினேன். பிறகு, ஒவ்வொரு வெளிப்பெட்டியிலும் இன்னொரு சின்ன ஃபைல் வைத்தேன். அதில் ஒரே வரி. தராசு, எண் இத்தனை. கஸ்டமருடைய புரோகிராமை யாராவது வெளியே எடுத்தால், கம்ப்யூட்டர் அந்த வரியைப் பார்த்து, உள்பெட்டியில் அந்த எண்ணுள்ள தராசை மட்டும் எடுத்துக் கொடுக்கும். கடைசியாக வந்த தராசு எது என்று அது பார்க்காது. வரியில் என்ன இருக்கிறதோ அதுதான். அந்த வேலையைச் செய்கிற கட்டளைகளை நானே எழுதினேன். மூன்று வாரம் ஆனது.

அந்த ஒரு வரியை மாற்றும் அதிகாரம் என்னிடம் மட்டும் இருந்தது. உள்பெட்டியில் யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ஆனால் எந்த மெஷினுக்குப் புது எண் போக வேண்டுமோ, அதை ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுக்க வேண்டும். இதை நாலு வரியில் ஆவடிப் பெண்ணை விட்டு டைப் அடிக்கச் சொல்லி, மேனேஜர் கையெழுத்து வாங்கி, முகப்பேர்க்காரரிடம் கொண்டுபோனேன். படிக்காமலே கையெழுத்துப் போட்டார். “குடோனுக்கு ஒரு குடோனு” என்றார். சுவரில் ஒட்டினேன்.

பழிவாங்குவதற்காகத்தான் இதைச் செய்தாயா என்று கேட்பீர்கள். அமைக்கும்போது அப்படி இல்லை. நல்ல முறை என்றுதான் அமைத்தேன், அது நல்ல முறைதான். ஆனால் அதில் எங்கே அவர் விழுவார் என்று எனக்கு முதல் நாளே தெரியும். அவர் பெரிய படத்தைத் திருத்திப் பழகாதவர். கடைசியாகச் செய்தது தானாகப் போய்ச் சேரும் என்று நம்புகிற ஜாதி. நான் காத்திருந்தேன்.

ஏழு மாதம் ஆனது. ஈரோட்டுப் பக்கம் மஞ்சள்தூள் வியாபாரிகள் மூன்று பேருக்கு ஒரு மெஷின். ஓட்டிக்காட்டும் நாள் குறித்தாகிவிட்டது. அந்த மெஷின் வரியில் தராசு எண் பதினான்கு என்று இருந்தது. பதினான்கில் ஒரு கோளாறு இருப்பதை முகப்பேர்க்காரரே கண்டுபிடித்தார். தொட்டி நிறைய இருந்து வேகமாக ஓட்டினால், தட்டு ஆடி அடங்குவதற்குள் எடையைப் படித்துவிடும். குறைவாக இருக்கிறது என்று நினைத்து மேலும் மேலும் கொட்டும். அவர் அதைத் திருத்தி உள்பெட்டியில் சேர்த்தார். எண் பதினைந்து ஆனது. அவருடைய மேஜையில் நேராக உள்பெட்டியை வைத்தே ஓட்டிப் பார்த்தார், சரியாக ஓடியது. கையைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்.

சீட்டு தரவில்லை.

அன்று முதல் ஒன்பது வேலை நாள். தினமும் காலையில் வந்ததும் இரண்டு கட்டளை அடிப்பேன். உள்ளே பதினைந்து. வெளியே பதினான்கு. ஒவ்வொரு நாளும் அவர் என்னைத் தாண்டிப் போவார், குடோன் என்பார், நான் என்ன சார் என்பேன். வாய் வரைக்கும் வரும். வரி மாத்தணும் சார் என்று மூன்றே வார்த்தை. விழுங்கிவிடுவேன். விழுங்குவது கசக்கவில்லை. பொய் சொல்லக்கூடாது என்று உங்களுக்குச் சொல்லி வளர்த்தவன், அதனால் இதையும் சொல்கிறேன். இனித்தது.

ஆறாவது நாளோ ஏழாவது நாளோ ஆவடிப் பெண் பார்த்துவிட்டாள். சாப்பாட்டு நேரத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

“அண்ணே, மஞ்சள் மெஷின் இன்னும் பதினாலுலயே நிக்குது. அவர்ட்ட சொல்லலையா?”

“சீட்டு வரல.”

“தெரிஞ்சே விடறீங்களா?”

“கேக்காத எதையும் தொடாதன்னு சொல்லிகீறாரு. தொடல.”

“பாவம்ணே.”

“என்னப் பாத்து யாரு பாவம்னாங்க?”

அவள் டிபன் டப்பாவை மூடினாள். பிறகு மெதுவாக, தானாகப் போய்ச் சொல்லப்போவதில்லை, ஆனால் மேனேஜர் நேராகக் கேட்டால் பொய் சொல்லமாட்டேன் என்றாள். சரி என்றேன். அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்க அவள் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. வடை கொண்டுவந்தால் எனக்கு ஒன்று வைக்கிற பெண்.

ஓட்டிக்காட்டும் நாள் வந்தது. முகப்பேர்க்காரர் முந்தின நாளே கஸ்டமர் பெட்டியிலிருந்து புரோகிராமை வெளியே எடுத்து, சிப்பில் ஏற்றி, மெஷினில் சொருகியிருந்தார். நாலைந்து பாக்கெட் மெதுவாக ஓட்டிப் பார்த்தார். மெதுவாக ஓட்டினால் பதினான்கும் நன்றாகத்தான் ஓடும். வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார், டை கூட. வியாபாரிகள் மூன்று பேரும் வேட்டியில் வந்தார்கள். மேனேஜர் அவர்களுக்கு நாற்காலி போட்டார். நான் பின்னால் சுவரோரம் நின்றேன். எனக்கு அங்கே வேலை இல்லை. வந்து நின்றேன்.

தொட்டியில் மஞ்சள்தூளைக் கழுத்து வரைக்கும் கொட்டினார்கள். நூறு கிராம் பாக்கெட். வேகத்தைக் கூட்டச் சொன்னார் ஒரு வியாபாரி. முகப்பேர்க்காரர் சிரித்துக்கொண்டே கூட்டினார்.

முதல் பாக்கெட் தலையணை மாதிரி வந்து விழுந்தது. இரண்டாவது ஒட்டுகிற இடத்தில் ஒட்டாமல் வாயைப் பிளந்துகொண்டு வந்தது. மூன்றாவது வரவில்லை, வெடித்தது. அவர் பட்டனைத் தேடுவதற்குள் இன்னும் ஐந்தாறு வெடித்தன. ஃபேன் வேறு ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சட்டை, டை, கண்ணாடி, தலைமுடி எல்லாம் மஞ்சள். இருமினார், தும்மினார். வியாபாரிகளில் பெரியவர் கீழே கிடந்த பாக்கெட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்.

“ஏனுங்க, இது பாக்கெட்டுங்களா, மூட்டைங்களா?” என்றார். “இதோட தம்பிக்குக் காப்பு கட்டிப் பந்தலுக்குக் கூட்டிட்டுப் போயிரலாமுங்க.”

மற்ற இருவரும் சிரித்தார்கள். லேத்துக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றையும் பார்த்து மனதில் வைத்துக்கொண்டேன்.

அரைமணி நேரத்தில் மேனேஜர் அறை. மேஜைக்கு முன்னால் முகப்பேர்க்காரர், பக்கத்தில் நான், கதவோரம் ஆவடிப் பெண். முகம் கழுவியும் அவர் காதோரம் மஞ்சள் போகவில்லை. போன தடவை சொன்னதையே சொன்னார், தான் திருத்திவிட்டதாகவும், பழையதைக் குடோன் ஏற்றிவிட்டதாகவும். தன் மேஜையில் ஓடியது என்றார்.

நான் கையோடு கொண்டுபோயிருந்த தாளை வைத்தேன். கம்ப்யூட்டர் அச்சடித்துக் கொடுத்த பதிவு. பதினைந்தை உள்பெட்டியில் சேர்த்தவர் அவர். மஞ்சள் மெஷின் வரியை யாரும் மாற்றவில்லை. முந்தின நாள் பதினான்கை வெளியே எடுத்தவரும் அவர். பக்கத்தில் சுவரிலிருந்து எடுத்த நோட்டீஸையும் வைத்தேன், அவர் கையெழுத்தோடு. மேனேஜர் இரண்டையும் படித்தார். பூந்தமல்லிக்காரர், கோபம் வந்தால் குரல் தணியும். முகப்பேர்க்காரரை ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“இவர் சீட்டு குடுக்கலன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?”

இன்றைக்குத்தான் பார்த்தேன் சார் என்று சொல்லியிருக்கலாம். கதவோரம் ஆவடிப் பெண் நின்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

“ஒன்பது நாளா தெரியும் சார்” என்றேன். “கேக்காத எதையும் தொடாதன்னு அவர்தான் சொல்லியிருந்தார்.”

முகப்பேர்க்காரர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. முதல் தடவையாக என்னை ஒரு ஆளாகப் பார்த்தார்.

மேனேஜர் அவரை விளக்கக் கடிதம் எழுதச் சொன்னார். அங்கேயே, அப்போதே. பால்பவுடர் மெஷின் விஷயத்தையும் சேர்த்து எழுதச் சொன்னார். பேனா ஓடும் சத்தம் கேட்டது. இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தினார். கையெழுத்துப் போட்டார். நான் பார்த்தேன்.

மேனேஜர் என் ஃபைலையும் எடுத்து மேஜையில் வைத்தார். என் பழைய கடிதம் மேலாகவே இருந்தது. அதற்கு அடியில், என்னை நிரந்தரமாக்கும் ஆர்டர், டைப் அடித்துக் கையெழுத்து மட்டும் பாக்கியாக. அவர் களைத்துப் போயிருந்தார்.

“ரெண்டு பேரும் ஒரே ரூம்ல வேலை பாக்கணும்” என்றார். “ரெண்டு லெட்டரையும் இப்பவே கிழிச்சிப் போட்டுடறேன். உங்க ஆர்டர்ல கையெழுத்தும் போட்டுடறேன். இல்லன்னா ரெண்டும் ஃபைல்லயே இருக்கட்டும். தெரிஞ்சும் ஒன்பது நாள் சும்மா இருந்தீங்கன்னு உங்களதுல ஒரு வரி சேரும். ஆர்டர் இப்ப வராது. நீங்களே சொல்லுங்க.”

செய்யாத தப்புக்கு நான் எழுதிய கடிதம். அது போனால் என் பெயர் சுத்தம், வேலை நிரந்தரம். ஆனால் முகப்பேர்க்காரருடையதும் சேர்ந்து போகும். நாளைக்கு அவர் கேன்டீனில் உட்கார்ந்து என் இங்கிலீஷைப் படிப்பார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், கிழிக்கச் சொல் என்கிற மாதிரி. உதட்டில் கொஞ்சம் சிரிப்புகூட இருந்தது. நான் எதை எடுப்பேன் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை.

“ரெண்டும் இருக்கட்டும் சார்” என்றேன்.

அந்தச் சிரிப்பு போன விதத்தைப் பார்க்க நான் இன்னும் ஒன்பது நாள் காத்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜெயித்தவன் மாதிரிதான் சொன்னேன். அவள் கடைசிவரை கேட்டாள். அப்போது நீங்கள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள். ஒற்றை அறை வாடகை வீடு, மழைக்குக் கூரை ஒழுகும். நிரந்தரமானால் கம்பெனி லோனில் வேறு வீடு பார்ப்பதாகச் சொல்லி வைத்திருந்தேன்.

“ஒரு காயிதத்த கிழிக்க உட்டிருந்தா ஆயிருக்கும்” என்றாள். “அவன் எழுதுனது பெருசா, இந்த ஊட்ல கீற புள்ளைங்க பெருசா?”

பிள்ளைகள்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். சோறு போட்டாள். எனக்கு ஆர்டர் வர இன்னும் இரண்டு வருஷம் ஆனது. அந்த இரண்டு மழைக்காலமும் நீங்கள் பாத்திரம் வைத்த தரையில் தூங்கினீர்கள். அதற்குக் காரணம் கம்பெனி என்று உங்களுக்குச் சொல்லியிருந்தேன். கம்பெனி இல்லை, நான்தான்.

வருத்தப்படுகிறேனா என்றால், உங்களுக்காகப் படுகிறேன். அவருக்காகப் படவில்லை.

மறுநாள் காலை. மஞ்சள் மெஷினை மறுபடி ஓட்டிக்காட்ட வேண்டும், வியாபாரிகள் எஸ்டேட் பக்கமே ஒரு லாட்ஜில் தங்கியிருந்தார்கள். நான் என் மேஜையில் இருந்தேன். முகப்பேர்க்காரர் வந்தார். கையில் சீட்டு. அதை மேஜையில் வைத்தார்.

“அந்த எண்ண மாத்திக் குடுங்க” என்றார்.

‘ங்க’ போட்டார். குடோன் என்று சொல்லவில்லை. நான் சீட்டை எடுத்து நிதானமாகப் படித்தேன். தேதி எழுதவில்லை என்று திருப்பிக் கொடுத்தேன். எழுதினார். எந்த மெஷின் என்று முழுதாக எழுதவில்லை என்று மறுபடி கொடுத்தேன். அதையும் எழுதினார். பிறகு அந்தச் சின்ன ஃபைலைத் திறந்தேன். ஒரே வரி. நாலை அழித்து ஐந்து போட்டேன். அரை நிமிஷம் ஆகியிருக்காது.

அவர் நின்றுகொண்டே இருந்தார். முடிந்தது என்று நான் உடனே சொல்லவில்லை.